ஹெட்போன்ல கேக்குது, மிக்ஸர்ல காணோம்: எஃபெக்ட்ஸ் பெடல்ல கிட்டார் எங்க போகுது?

வாசகர் கேள்வி:

"அண்ணே, மார்த்தாண்டம் பக்கத்துல ஒரு சர்ச் கொயர்ல கிட்டார் வாசிக்கிறேன். ஜூம் ஜி1எக்ஸ் ஃபோர் பெடல் ஒண்ணு செகண்ட் ஹேண்ட்ல வாங்கினேன். வீட்ல ஹெட்போன் போட்டு வாசிச்சா சவுண்ட் சூப்பர். சர்ச் மிக்ஸர்ல கனெக்ட் பண்ணா கிட்டாரே இல்ல, ரிவர்ப்பும் டிலேயும் மட்டும் எங்கயோ தூரத்துல கேக்குது, ரிவர்ப் இல்லாத டிஸ்டார்ஷன் பேட்ச் போட்டா அதுவும் இல்ல, சுத்தமா காணோம். மிக்ஸர்ல இருக்கற ஜாக்க பாதி வெளிய இழுத்து பிடிச்சா சவுண்ட் வருது, முழுசா சொருகினா திரும்ப போயிடுது. அதுபோக ஹம் இருக்கு, கீ...ன்னு ஒரு விசில் சத்தமும் இருக்கு, நாய்ஸ் கேட்ட ஏத்தினா நோட்டு பாதியிலயே அறுந்துடுது. ஃபேக்டரி ரீசெட் பண்ணிட்டேன், ஃபர்ம்வேர் அப்டேட்டும் பண்ணிட்டேன், ஒண்ணும் மாறல. கடைல காட்டினா அவுட்புட் போர்டு போயிடுச்சு, 2,500 ரூபா ஆகும்ங்கறாங்க. மாத்தலாமா, இல்ல இத தள்ளிவிட்டுட்டு பெருசா வேற வாங்கலாமா?"

பதில்:

தம்பி, அந்த 2,500 ரூபாய மொதல்ல பத்திரமா வைங்க, போர்டு போகல. பெடல கையில தொடாமயே எப்படி இவ்வளவு உறுதியா சொல்றேன்னா, அந்த மாடல்ல பின்னாடி அவுட்புட் ஜாக் ஒண்ணே ஒண்ணுதான், ஹெட்போன சொருகறதும் அதுலதான் மிக்ஸருக்கு போற கேபிள சொருகறதும் அதுலதான், ரெண்டுக்கும் தனித்தனி ஓட்டை கிடையாது. ஹெட்போன்ல சவுண்ட் சூப்பரா இருக்குன்னு நீங்களே எழுதியிருக்கீங்க, அப்ப கிட்டார் பிக்கப்ல ஆரம்பிச்சு இன்புட், ப்ராசஸர், அவுட்புட் சர்க்யூட், அந்த ஜாக் வரைக்கும் எல்லாமே நல்லாத்தான் இருக்குன்னு அந்த ஒரு வரியிலயே முடிஞ்சு போச்சு. கோளாறு அந்த ஜாக்குக்கு இந்தப் பக்கம்தான் இருக்கு, அதாவது நீங்க சொருகற கேபிள், இல்ல அது போய் சேர்ற மிக்ஸர் சேனல். இத கேக்காமயே போர்டுன்னு சொன்னவங்ககிட்ட திரும்ப போகாதீங்க.

இப்ப ஒரு வேலை பண்ணுங்க, சர்ச்ல நீங்க யூஸ் பண்ற கேபிள எடுத்து ஜாக் முனைய பாருங்க. உலோகத்துக்கு நடுவுல கருப்பு வளையம் ஒண்ணு இருக்கா ரெண்டு இருக்கா? ஒரு வளையம் இருந்தா அது சாதாரண மோனோ கிட்டார் கேபிள், டிஎஸ்னு சொல்வாங்க. ரெண்டு வளையம் இருந்தா ஸ்டீரியோ, டிஆர்எஸ். உங்க கேபிள்ல ரெண்டு வளையம் இருக்கும்னு அடிச்சு சொல்றேன், பெரும்பாலும் சர்ச் சவுண்ட் பெட்டியில இருந்து ஸ்பீக்கருக்கோ கீபோர்டுக்கோ வச்சிருந்த ஒண்ண யாராவது எடுத்து குடுத்திருப்பாங்க, "இது நல்ல காஸ்ட்லி கேபிள் தம்பி, பேலன்ஸ்டு"ன்னு வேற சொல்லியிருப்பாங்க. கேபிள் நல்ல கேபிள்தான், இடம்தான் தப்பு.

ஏன்னா அந்த பெடலோட அவுட்புட் ஒரு ஸ்டீரியோ ஜாக், ஜாக்கோட முனையில இடது சேனல் வருது, ரெண்டு கருப்பு வளையத்துக்கும் நடுவுல இருக்கற உலோக வளையத்துல வலது சேனல் வருது, ஹெட்போனுக்கு அதுதான் வேணும். ஆனா மிக்ஸர்ல இருக்கற மோனோ லைன் இன்புட் பேலன்ஸ்டு இன்புட், அது முனையில வர்றதையும் வளையத்துல வர்றதையும் ரெண்டு சேனலா பாக்காது, ஒண்ணுல இருந்து இன்னொண்ண கழிச்சு மிச்சம் என்ன இருக்கோ அத மட்டும்தான் எடுத்துக்கும். நீளமான கேபிள் வழியில பிடிக்கற இரைச்சல் ரெண்டு கம்பியிலயும் ஒரே மாதிரி ஏறும், கழிச்சா அது காணாம போயிடும், அதுக்காக பண்ண ஏற்பாடு அது. இப்ப உங்க கதைக்கு வாங்க. உங்க கிட்டாரோட நேர் சவுண்ட் இடதுலயும் வலதுலயும் அச்சா ஒரே மாதிரி இருக்கு, மிக்ஸர் இடதுல இருந்து வலத கழிக்குது, பூஜ்யம். ரிவர்ப், ஸ்டீரியோ டிலே, கோரஸ் இதெல்லாம் ரெண்டு பக்கமும் வேற வேறயா இருக்கும், அதனால கழிச்சாலும் மிஞ்சும், அதுதான் உங்களுக்கு தூரத்துல கேக்கற சவுண்ட். ரிவர்ப் இல்லாத டிஸ்டார்ஷன் பேட்ச்ல, அதாவது பெடல்ல சேவ் பண்ணி வச்ச அந்த சவுண்ட் செட்டிங்ல, மிஞ்ச ஒண்ணுமே இல்ல, அதான் சுத்தமா காணோம். பழைய செட்ல கரோக்கின்னு ஒரு பட்டன் இருக்கும், அழுத்தினா பாடறவர் குரல் மங்கிப் போய் எக்கோ மட்டும் மிஞ்சும், அதுவும் இதே கணக்குதான், குரல நடுவுல வச்சு மிக்ஸ் பண்ணியிருப்பாங்க, இடதுல இருந்து வலத கழிச்சா நடுவுல இருக்கறது போயிடும்.

ஜாக்க பாதி இழுத்தா சவுண்ட் வருதுன்னு எழுதினீங்க பாருங்க, உங்க லெட்டர்ல எனக்கு ரொம்ப உதவினது அந்த வரிதான். பாதி இழுக்கும்போது கேபிளோட முனை மிக்ஸர் சாக்கெட்ல வளையம் தொடற இடத்துல போய் உக்காந்துக்கும், கேபிளோட வளையம் கிரவுண்டுக்கு போயிடும், அப்ப ஒரு சேனல் மட்டும்தான் உள்ள போகுது, கழிக்க ஆள் இல்ல, கிட்டார் வந்துடுது. இத பாத்துட்டு நிறைய பேரு ஜாக் லூஸ்னு முடிவு பண்ணி சாக்கெட்ட மாத்தறாங்க, போர்ட மாத்தறாங்க. சாக்கெட் லூஸா இருந்தா ஆட்டும்போது கரகரன்னு விட்டு விட்டு வரும், இப்படி ஒழுங்கா ரிவர்ப் மட்டும் பிரிஞ்சு வராது.

சரி, என்ன பண்ணணும். சிம்பிளா முடிக்கணும்னா ஒரு வளையம் இருக்கற சாதாரண கிட்டார் கேபிள போட்டு மிக்ஸரோட லைன் இன்புட்ல சொருகுங்க, இடது சேனல் மட்டும் வரும், கிட்டார் முழுசா வந்துடும். ஆனா மேடையில இருந்து மிக்ஸர் தூரமா இருந்தா அவ்வளவு நீள மோனோ கேபிள் இரைச்சல் பிடிக்கும், அதனால ஒரு பாசிவ் டிஐ பாக்ஸ் (பெடல்ல இருந்து வர்ற சிக்னல மைக் கேபிள்ல தூரமா அனுப்பற மாதிரி பேலன்ஸ்டா மாத்தற, கரண்ட் வேண்டாத சின்ன டப்பா) வாங்கி கால் பக்கத்துலயே வச்சு, பெடல்ல இருந்து அதுக்கு சின்ன மோனோ கேபிள், அதுல இருந்து மேடையில மைக் எல்லாம் சொருகற பெட்டிக்கு மைக் கேபிள், இதுதான் என் சாய்ஸ். அதுல கிரவுண்ட் லிஃப்ட்னு ஒரு சுவிட்ச் இருக்கும், அத பத்தி கீழ சொல்றேன். ஸ்டீரியோவே வேணும்னு ஆசையா இருந்தா ஒரு பக்கம் ஸ்டீரியோ ஜாக் மறுபக்கம் ரெண்டு மோனோ ஜாக் பிரியற ஒய் கேபிள் கிடைக்கும், அத ரெண்டு சேனல்ல போட்டு பேன் நாப ஒண்ணுல இடது கடைசிக்கும் ஒண்ணுல வலது கடைசிக்கும் திருப்பணும். உங்க சர்ச்ல ஸ்பீக்கர் ஸ்டீரியோவா ஓடுதான்னு மொதல்ல கேளுங்க, பல இடத்துல எல்லா ஸ்பீக்கருக்கும் ஒரே மோனோதான் போகும், அப்ப இந்த செலவு தண்டம். மோனோவுல வாசிக்கும்போது இடது வலதுன்னு மாறி மாறி அடிக்கற பிங்பாங் டிலே போட்டுடாதீங்க, ஒரு பக்கம் மட்டும் எடுக்கறதால பாதி ரிப்பீட் காணாம போகும்.

ஒண்ணே ஒண்ணு மட்டும் செய்யக்கூடாது. ஒரு முனையில ஸ்டீரியோ ஜாக்கும் மறுமுனையில எக்ஸ்எல்ஆரும் (மைக் கேபிள்ல இருக்கற மூணு பின் பிளக்) சாலிடர் பண்ண கேபிள வச்சு பெடல நேரா மைக் இன்புட்ல சொருகறது. சவுண்ட் இதே மாதிரி கழிஞ்சு போறது ஒரு பக்கம் இருக்கட்டும், சின்ன மிக்ஸர்ல, கண்டென்ஸர் மைக்குக்காக மைக் கேபிள் வழியா அனுப்பற 48 வோல்ட் ஃபேன்டம் பவர் எல்லா மைக் சேனலுக்கும் சேர்த்து ஒரே சுவிட்ச்லதான் இருக்கும், கொயருக்கு கண்டென்ஸர் மைக் வச்சிருந்தா அது எப்பவும் ஆன்ல இருக்கும், அந்த வோல்டேஜ் நேரா உங்க பெடலோட அவுட்புட்ல ஏறும். அப்பதான் கடைக்காரர் சொன்னது உண்மையாகும். டிஐ பாக்ஸ்ல டிரான்ஸ்ஃபார்மர் இருக்கறதால அது இந்தப் பக்கம் வராது.

அடுத்து அந்த கீ சத்தம். நீங்க அடாப்டர் பத்தி எழுதல, செகண்ட் ஹேண்ட்ல வாங்கினதால அதோட வந்ததா இருக்காது, கையில கிடைச்ச ஒண்ணுன்னு நினைக்கிறேன். டெஸ்ட் ரொம்ப ஈஸி, அந்த பெடல் 4 ஏஏ பேட்டரியிலயும் ஓடும், அடாப்டர பிடுங்கிட்டு புது பேட்டரி போட்டு அதே இடத்துல அதே கேபிள்ல வாசிங்க. சத்தம் போயிடுச்சுன்னா குற்றவாளி அடாப்டர்தான், பெடல் இல்ல. மலிவான ஸ்விட்சிங் அடாப்டர்ல ஃபில்டர் சரியா இருக்காது, அந்த ஸ்விட்சிங் இரைச்சல் சவுண்டுக்குள்ள விசில் மாதிரி இறங்கும், டிஸ்டார்ஷன் போட்டா இன்னும் பெருசா கேக்கும். இந்த பெடலுக்கு வேண்டியது 9 வோல்ட் டிசி, சென்டர் நெகட்டிவ், 500 மில்லி ஆம்பியர், ஜூம் தர்ற அடாப்டர் மாடல் ஏடி-16. சென்டர் நெகட்டிவ்ங்கறத நல்லா கவனிங்க, வீட்ல இருக்கற வைஃபை ரவுட்டர், சிசிடிவி அடாப்டர் எல்லாம் பெரும்பாலும் 12 வோல்ட், நடு பின் பாசிட்டிவ், ஊசி மட்டும் அளவா உள்ள போயிடும், போட்டீங்கன்னா பெடல் கதை முடிஞ்சுது. அடாப்டர் மேல சின்னதா வட்டம் போட்டு பிளஸ் மைனஸ் படம் இருக்கும், நடு புள்ளியில இருந்து போற கோடு மைனஸ்ல முடியணும். பக்கத்துல வேற பெடல் இருந்து எல்லாத்துக்கும் ஒரே அடாப்டர்ல இருந்து செயின் வயர் போட்டிருந்தா அதுலயும் இந்த விசில் வரும், டிஜிட்டல் பெடலுக்கு தனி சப்ளை குடுத்துடுங்க.

ஹம் வேற விஷயம், அதுல ரெண்டு மூணு வகை இருக்கு, எது உங்களுதுன்னு தெரிஞ்சாதான் மருந்து. மொதல்ல கிட்டார்ல இருக்கற வால்யூம் நாப முழுசா குறைங்க. ஹம் போயிடுச்சுன்னா அது கிட்டார் வழியா வருது, அப்படியே இருந்தா கிட்டாருக்கு அப்புறம் எங்கயோ இருந்து வருது. கிட்டார் வழியா வருதுன்னா, வால்யூம ஏத்தி வச்சுட்டு நின்ன இடத்துலயே மெதுவா ஒரு சுத்து சுத்துங்க. ஒரு திசையில கூடி ஒரு திசையில நல்லா குறைஞ்சா அது சிங்கிள் காயில் பிக்கப் (ஒரே கம்பிச் சுருள் இருக்கற வகை) சுத்தி இருக்கற கரண்ட் வயர், டிரான்ஸ்ஃபார்மர்ல இருந்து இழுக்கற ஹம், பிக்கப்போட சுபாவம், ரிப்பேர் இல்ல. பவர் ஆம்ப் ரேக்குக்கு பக்கத்துல நிக்காதீங்க, சீரியல் லைட்டும் டிம்மரும் இருக்கற பிளக் போர்டுல உங்க அடாப்டர சொருகாதீங்க, கிறிஸ்துமஸ் சமயத்துல ஹம் ஜாஸ்தியாகுதுன்னு சொல்ற கொயர் பசங்க எல்லாருக்கும் காரணம் இதான்.

கிட்டார் வால்யூம் பூஜ்யத்துலயும் ஹம் இருந்தா கிரவுண்ட் லூப்பான்னு பாக்கணும், அதாவது ரெண்டு கருவி ரெண்டு வழியா எர்த்தோட சேர்ந்து, அந்த வளையத்துல கரண்ட் சுத்தி ஹம் வர்றது. அதே மிக்ஸர்ல லேப்டாப்ல இருந்து டிராக் ஓடுதா? லேப்டாப் சார்ஜர பிடுங்கிப் பாருங்க, பல நேரம் அந்த நிமிஷமே அடங்கிடும். உங்க பெடல்ல இருந்துதான்னா டிஐ பாக்ஸ்ல அந்த கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்ச தட்டுங்க, லூப் அங்க அறுந்துடும். நம்ம ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அடாப்டர், ஆம்ப் பவர் சப்ளையில இருந்து வர்ற ஹம் அதுல ரெண்டு மடங்கு, 100 ஹெர்ட்ஸ். தடிமன் ஈ ஸ்ட்ரிங்ல மூணாவது ஃப்ரெட் அழுத்தினா வர்ற ஜி நோட்டு 98 ஹெர்ட்ஸ், அதனால அந்த நோட்ட தட்டிப் பாத்தா ஹம்மும் அதுவும் கிட்டத்தட்ட ஒட்டி ஒரு அலை அடிக்கும், அப்ப அது 100 ஹெர்ட்ஸ்தான்னு காதுலயே கண்டுபிடிச்சிடலாம், மீட்டர் வேண்டாம். ஜி மேஜர் பாட்டுக்கு ஹம் அவ்வளவா உறுத்தாது, ஈ மேஜர் போனதும் எல்லாரும் திரும்பி பாக்கறாங்கன்னா இதான் சங்கதி.

இத சீரியஸா சொல்றேன், ஹம் போகணும்னு எந்த ஆம்ப்போட மூணு பின் பிளக்லயும் அந்த பெரிய எர்த் பின்ன வெட்டாதீங்க, டேப் சுத்தாதீங்க, மேடை ஆளுங்க சில பேரு அத ஒரு டெக்னிக் மாதிரி சொல்லித் தருவாங்க. நீங்க கொயர்ல பாடிக்கிட்டே வாசிக்கறவர், ஸ்ட்ரிங்ஸ்ல கை, மைக்ல உதடு, ரெண்டுக்கும் நடுவுல எர்த் இல்லாத ஒரு ஆம்ப் லீக் ஆனா நடுவுல இருக்கறது நீங்க. மைக்க தொடும்போது சுருக்குன்னு இழுத்தா அன்னைக்கு வாசிக்கறத நிறுத்திட்டு எலக்ட்ரீஷியன கூப்பிட்டு சர்ச்சோட எர்த்திங்க பாக்கச் சொல்லுங்க, அப்புறம்தான் சவுண்ட் கிவுண்ட் எல்லாம்.

நாய்ஸ் கேட்டுக்கு வர்றேன், சிக்னல் த்ரெஷோல்டுங்கற ஒரு அளவுக்கு கீழ போனா சத்தத்த மூடிடற எஃபெக்ட் அது. இந்த ஹம்மையும் விசிலையும் அமுக்கறதுக்காக த்ரெஷோல்ட ஏத்திக்கிட்டே போயிருக்கீங்க, அது நல்ல நோட்டோட வாலையும் சேர்த்து வெட்டுது. மூல காரணம் போனா கேட்ட பாதிக்கு இறக்கிடலாம். இடமும் முக்கியம், இந்த பெடல்ல ஒரே நேரத்துல 5 எஃபெக்ட் வைக்கலாம், அதுல டிஸ்டார்ஷனுக்கு அப்புறமா, டிலே ரிவர்ப்புக்கு முன்னாடி கேட்ட வைங்க. ரிவர்ப்புக்கு பின்னாடி வச்சா ரிவர்ப்போட வாலும் அறுந்து போய் சவுண்ட் மொட்டையா நிக்கும். ஜூம்ல இசட்என்ஆர்னு இருக்கறத எடுத்தீங்கன்னா அதுல டிடெக்ட்னு ஒரு செட்டிங் இருக்கு, எத கேட்டு திறக்கணும் மூடணும்னு முடிவு பண்றது அது, கிட்டார் இன்புட்ட கேக்கற மாதிரி வைங்க. டிஸ்டார்ஷன் பண்ணி அமுக்கின சவுண்ட்ல நோட்டு எது இரைச்சல் எதுன்னு கேட்டுக்கு வித்தியாசம் தெரியாது, கிட்டார்ல இருந்து நேரா வர்ற சிக்னல்ல நல்லா தெரியும். ஸ்ட்ரிங்ஸ்ல இருந்து கைய எடுத்துட்டு, இரைச்சல மட்டும் கேட்டு த்ரெஷோல்ட செட் பண்ணாதீங்க, ஒரு நோட்ட அடிச்சு அது தானா அடங்கற வரைக்கும் விட்டு, வால் வெட்டாத இடத்துல நிறுத்துங்க, கொஞ்சம் இரைச்சல் மிஞ்சினா மிஞ்சட்டும், கொயர் பாட ஆரம்பிச்சா அது யாருக்கும் கேக்காது.

ஃபேக்டரி ரீசெட் பண்ணதுல உங்க பழைய பேட்ச் எல்லாம் போயிருக்கும்னு நினைக்கிறேன், அது ஒரு வகையில நல்லதுன்னுகூட சொல்வேன், ஹெட்போன்ல செட் பண்ண பேட்ச் ஹால்ல எப்படியும் நிக்காது. சத்தம் கம்மியா இருக்கும்போது நம்ம காதுக்கு பேஸும் ட்ரெபிளும் குறைச்சலா கேக்கும், சத்தம் கூடக் கூட ரெண்டும் எழுந்து வரும், 1933லயே ஃப்ளெட்சர், மன்சன்னு ரெண்டு பேரு அளந்து வச்ச விஷயம் இது. அதனால ராத்திரி ஹெட்போன்ல சின்ன சவுண்ட்ல வச்சு பேஸையும் ட்ரெபிளையும் ஏத்தி மிட்ட குறைச்சு "ஆஹா"ன்னு பண்ண டோன், ஹால்ல பெருசா போட்டதும் கீழ குமுறும், மேல கீச்சும், நடுவுல கிட்டார் கீபோர்டுக்கு அடியில போய் ஒளிஞ்சுக்கும். ஆராதனை இல்லாத நேரமா பாத்து மிக்ஸர் ஆள கூட்டிக்கிட்டு போய் நிஜ வால்யூம்ல பேட்ச் பண்ணுங்க. மிட்ட திரும்ப ஏத்துங்க, 100 ஹெர்ட்ஸ்க்கு கீழ வெட்டுங்க, ரிவர்ப்ப நீங்க ஆசைப்படறதுல பாதி வைங்க, உயரமான கூரை போட்ட சர்ச்ல கட்டடமே போதுமான ரிவர்ப் தரும். புதுசா பண்ணறத ஜூமோட கிட்டார் லேப் சாஃப்ட்வேர்ல கம்ப்யூட்டர்ல ஒரு காப்பி எடுத்து வச்சுக்குங்க, அடுத்த தடவை யாராவது ரீசெட் பண்ணுன்னு சொன்னா பயமில்ல.

மிக்ஸர்ல நேரா போகும்போது, நிஜ ஆம்ப் மாதிரியும் அதோட ஸ்பீக்கர் பெட்டி மாதிரியும் சவுண்ட மாத்தற ஆம்ப் மாடலும் கேபினெட் சிமுலேஷனும் கண்டிப்பா ஆன்ல இருக்கணும். கிட்டார் ஸ்பீக்கர் ஏறக்குறைய 5,000 ஹெர்ட்ஸ்க்கு மேல சவுண்ட தானா விழுங்கிடும், ஹால்ல வைக்கற பிஏ ஸ்பீக்கர் அப்படி விழுங்காது, அதனால கேபினெட் இல்லாம டிஸ்டார்ஷன் போட்டா கொசு கத்தற மாதிரி வரும். எங்கயாவது போய் நிஜ கிட்டார் ஆம்ப்ல முன்னாடி இன்புட்ல சொருகினா அப்ப கேபினெட்ட ஆஃப் பண்ணுங்க, இல்லன்னா டப்பாக்குள்ள டப்பா. இத வாசிக்கற மத்தவங்ககிட்ட பாஸ் கம்பெனியோட ஜிடி-1 பெடல் இருந்தா அதுல அவுட்புட் செலக்ட்னு ஒண்ணு இருக்கு, மிக்ஸருக்கும் ஹெட்போனுக்கும் லைன்/ஃபோன்ஸ்ல வைங்க, ஆம்ப்னா அந்த ஆம்ப் டைப்ப எடுங்க, "டோன் நல்லா இல்ல"ன்னு எனக்கு வர்ற ஜிடி-1 கேள்விகள்ல பாதி இந்த ஒரு செட்டிங்தான்.

பெருசா வேற வாங்கலாமான்னு கேட்டீங்க. இப்ப வேண்டாம். 50,000 ரூபா ப்ராசஸர் வாங்கினாலும் அதோட ஹெட்போன் ஜாக்ல இருந்து இதே ரெண்டு வளைய கேபிள இதே மோனோ சேனல்ல போட்டா கிட்டார் இதே மாதிரிதான் காணாம போகும். பெரிய மாடல்ல இடது வலதுன்னு தனித்தனி அவுட்புட் ஜாக் இருக்கும், அந்த வசதிக்காக பின்னாடி ஒரு நாள் மாறிக்கலாம், தப்பில்ல. இப்ப அந்த காசுல ஒரு நல்ல மோனோ கேபிள், ஒரு டிஐ பாக்ஸ், சரியான அடாப்டர். கிட்டார்ல இருந்து பெடலுக்கு போற கேபிள மட்டும் சின்னதா வைங்க, 3 மீட்டர், மிஞ்சினா 5, அந்தப் பக்கம் நீளம் கூடினா கேபிளோட கெப்பாசிட்டன்ஸ் ட்ரெபிள தின்னுடும். பெடலுக்கு அப்புறம் அந்த கவலை இல்ல.

நீங்க எழுதாத ஒரு விஷயம் மட்டும் எனக்கு வேணும். அடாப்டர கழட்டி பேட்டரியில ஓட்டிட்டு, ஹம் வரும்போது ஸ்ட்ரிங்ஸ கையால தொடுங்க. தொட்டா குறைஞ்சா விட்டுடுங்க, அது நார்மல், ஸ்ட்ரிங்ஸ் கிரவுண்ட்ல இருக்கறதால உங்க உடம்பு ஆன்டெனாவா இல்லாம மறைப்பா மாறுது. தொட்டா கூடினாலோ, ஒண்ணுமே மாறாம ஜாக்கோட உலோகத்த தொட்டா மட்டும் குறைஞ்சாலோ, கிட்டாருக்குள்ள பிரிட்ஜுக்கு போற கிரவுண்ட் வயர் விட்டுப் போயிருக்கு, பின் மூடிய திறந்து ஒரு சாலிடர் வைக்கணும், பத்து நிமிஷ வேலை. எது நடக்குதுன்னு பாத்து என்ன கிட்டார், பிக்கப் என்னன்னும் சேர்த்து எழுதுங்க, எந்த வயர எங்க வைக்கணும்னு அதுக்கு தகுந்த மாதிரி சொல்றேன்.